துப்பறியும் சாம்பு முதல் அக்னிச் சிறகுகள் வரை

மர்ம நாவல் படிப்பவர் வாழ்க்கை வரலாற்றுப் பக்கம் போகமாட்டார், வரலாறு படிப்பவருக்குத் துப்பறியும் கதை பிடிக்காது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. தமிழ் வாசிப்பின் வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஏறத்தாழ நூறாண்டுகளாக இந்த இரண்டு வகையும் ஒரே வார இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் வந்திருக்கின்றன. ஒரே எழுத்தாளர் இரண்டையும் எழுதியதும் உண்டு. வாசகர்களும் பிரித்துப் பார்க்காமல் படித்தார்கள். பல வகை நூல்களைப் படிப்பதால் கிடைக்கும் இன்பம் அங்கேதான் இருக்கிறது: ஒரு நூல் கிளப்பிவிடும் கேள்விக்கு வேறொரு அலமாரியில் உள்ள நூல் பதில் வைத்திருக்கும்.

இதற்குச் சான்று தேடச் சென்னையின் தென் புறநகரை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. சிட்லபாக்கத்தை ஒட்டிய குரோம்பேட்டையில் 1949-இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில், 1950-களில் விமானப் பொறியியல் படித்தவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்துகொள்வது பற்றி அவர் தமிழில் எழுதிய கட்டுரை முதல் பரிசு பெற்றது. அந்தப் பரிசை அவருக்கு வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன், அதாவது ‘துப்பறியும் சாம்பு’வைப் படைத்தவர். இந்தச் செய்தியைக் கலாமே ‘அக்னிச் சிறகுகள்’ தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில் அதே கல்லூரியில் மின்னணுவியல் படித்த இன்னொரு மாணவர் எஸ். ரங்கராஜன். அவர்தான் பின்னாளில் ‘சுஜாதா’ என்ற பெயரில் கணேஷ், வசந்த் என்ற வழக்கறிஞர் இணையை உருவாக்கித் தமிழ் மர்மக் கதையின் போக்கையே மாற்றியவர். தமிழர்கள் மிக விரும்பிப் படித்த தன்வரலாறு ஒன்றும், மிக விரும்பிப் படித்த துப்பறியும் கதைகளும் ஒரே வளாகத்தோடு தொடர்புடையவை.

பல்லாவரத்து நூல்நிலையம்

குரோம்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையமான பல்லாவரத்தில் 1911 முதல் வாழ்ந்தவர் மறைமலையடிகள். தனித்தமிழ் இயக்கத்தின் தலைவர், சைவ அறிஞர், சங்கப் பாட்டுகளுக்கு ஆராய்ச்சியுரை எழுதியவர் என்றே அவர் அறியப்படுகிறார். அவருடைய வாசிப்பு அதைவிடப் பரந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மர்மமும் பரபரப்பும் நிறைந்த நாவல்களை எழுதிக் குவித்த ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸின் கதை ஒன்றைத் தழுவி அவர் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்ற நாவலை எழுதினார். கடித வடிவில் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ என்ற நாவலும் எழுதினார். ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ என்ற பெரிய ஆராய்ச்சி நூலும் அவருடையதே. நலவாழ்வு பற்றியும் அறிதுயில் பற்றியும் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதிவந்தார்.

பல்லாவரம் வீட்டில் அவர் சேர்த்த நூல்களுக்கு ‘மணிமொழி நூல்நிலையம்’ என்று பெயரிட்டிருந்தார். ஏறக்குறைய 4,000 நூல்கள் கொண்ட அந்தச் சேகரிப்பு, அவர் 1950-இல் மறைந்த பிறகு, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் முயற்சியால் 1958-இல் சென்னை நகரில் ‘மறைமலையடிகள் நூலகம்’ என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் தத்துவம் முதல் புனைகதை வரை வாங்கிப் படித்த ஒருவரின் சேகரிப்பு அது. கடுமையான ஆராய்ச்சியாளருக்கும் கதை தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த வட்டாரத்தில் இல்லை.

மர்மக் கதை வந்த வழி

தமிழில் துப்பறியும் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்குகிறது. 1894-இல் பண்டித ச.ம. நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணனை நாயகனாக வைத்துக் குற்றக் கதைகளை வெளியிட்டார். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் தந்தவரும் இதே நடேச சாஸ்திரிதான். பாட்டி சொன்ன கதையும் போலீஸ் கதையும் ஒரே மேசையில் எழுதப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பகுதியில் இந்த வகை பெரும் அலையாக எழுந்தது. ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908-இல் வெளிவந்தது. அவருடைய துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார். ‘ஆனந்தபோதினி’ இதழோடு தொடர்புடைய ஆரணி குப்புசாமி முதலியார் ரெய்னால்ட்ஸையும் கானன் டாயிலையும் தழுவி எழுதினார். ஷெர்லக் ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தசிங் ஆனார். வடுவூர் துரைசாமி அய்யங்கார் திகம்பர சாமியார் என்ற துறவியைத் துப்பறிய வைத்தார். அந்தச் சாமியார் 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தில் எம்.என். நம்பியாரின் பல வேடங்களில் திரையிலும் வந்தார். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திக்கொண்டே நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். குடும்பக் கதைக்குள் மர்ம முடிச்சைக் கொண்டுவந்த எழுத்து அவருடையது.

அன்றைய அறிஞர்கள் பலர் இந்த நாவல்களைக் கண்டித்தார்கள். இளைஞர்களும் பெண்களும் கெட்டுப்போவார்கள் என்று எழுதினார்கள். ஆனால் இந்த நாவல்கள் ஒரு பெரிய வேலையைச் செய்தன. அதுவரை தமிழில் படிப்பது என்றால் பெரும்பாலும் ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்பது. தனியாக, மௌனமாக, அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்ற ஆவலோடு வேகமாகப் படிக்கும் பழக்கம் நாவலோடு வந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது. இந்தப் பழக்கம் பரவியிராவிட்டால் பின்னால் வந்த கனமான நூல்களுக்கும் அத்தனை வாசகர்கள் கிடைத்திருக்கமாட்டார்கள்.

துப்பறியும் கதையின் அமைப்பு எளியது. ஒரு குற்றம் நடக்கிறது. தடயங்கள் சிதறிக் கிடக்கின்றன. சாட்சிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். துப்பறிபவருக்குத் தெரிவதெல்லாம் வாசகருக்கும் தெரிகிறது. இருவரில் யார் முதலில் கண்டுபிடிப்பார் என்பதுதான் சுவை. இந்த அமைப்பைத் தமிழ் எழுத்தாளர்கள் பல விதமாக வளைத்திருக்கிறார்கள். தேவனின் சாம்பு வங்கிக் குமாஸ்தா. அறிவால் அல்லாமல் அதிர்ஷ்டத்தால் குற்றவாளியைப் பிடிப்பவர். தமிழ்வாணனின் சங்கர்லால் ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்த் துப்பறிபவர். சுஜாதாவின் கணேஷ் 1968-இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ நாவலில் அறிமுகமானார். சட்டமும் அறிவியலும் நகர வாழ்க்கையின் பேச்சும் அவரோடு கதைக்குள் வந்தன. 1980-களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளிலும் ரயில் நிலையக் கடைகளிலும் தொங்கின. கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் மட்டுமே 1,500-க்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார்.

ஒரே இதழில் எல்லாம்

மர்மக் கதை வாசகரை வேறு நூல்களுக்கு அழைத்துப் போனதில் வார, மாத இதழ்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனந்த விகடன், கல்கி, குமுதம், கலைமகள் போன்றவற்றில் ஒரு குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஏதாவது இருந்தது. தொடர்கதைக்காக இதழை எடுத்தவர் பயணக் கட்டுரையையும் புரட்டினார்; நகைச்சுவைக்காக வாங்கியவர் தலைவர் ஒருவரின் நினைவுகளையும் படித்தார்.

1940-களின் தொடக்கத்து ஆனந்த விகடன் இதற்கு மிகச் சிறந்த சான்று. சாம்புவின் சாகசங்கள் வந்த அந்தக் காலத்தில்தான் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் வாரந்தோறும் அதே இதழில் வெளிவந்தது. தமிழ்த் தன்வரலாறுகளின் தலையாய நூல் ஒரு வெகுசன வார இதழின் தொடராகப் பிறந்தது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். 1942-இல் உ.வே.சா. மறைந்தபோது தொடர் முடிவடையாமலே நின்றது, 1950-இல் நூலாயிற்று.

எழுத்தாளர்களும் ஒரே வகைக்குள் அடங்கவில்லை. தேவன் ‘துப்பறியும் சாம்பு’வோடு ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ என்ற நீதிமன்ற நாவலும், ‘ஐந்து நாடுகளில் அறுபது நாள்’ என்ற பயண நூலும் எழுதினார். தமிழ்வாணன் தம் ‘கல்கண்டு’ இதழில் சங்கர்லாலுக்குப் பக்கத்தில் பொது அறிவுத் துணுக்குகளைக் கொட்டினார். சுஜாதா கொலைக் கதை எழுதிய கையால் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று அறிவியல் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். அறிவியல் புனைகதையும் ஸ்ரீரங்கத்து இளமை நினைவுகளில் ஊறிய கதைகளும் தந்தார். இவர்களில் ஒருவரின் நூல்களைத் தேடித் தேடிப் படிப்பவர், தமக்கே தெரியாமல் பல துறைகளைச் சுற்றி வந்துவிடுவார்.

நாவலிலிருந்து கல்வெட்டுக்கு

ஒரு வகை நூல் இன்னொன்றுக்கு எப்படி வாசல் திறக்கிறது என்பதைக் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைவிடத் தெளிவாகக் காட்டும் நூல் தமிழில் அரிது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த இந்த ஐந்து பாக நாவல், வரலாற்றுக் கதை என்று வகைப்படுத்தப்பட்டாலும் அதன் நடுவே இருப்பது ஒரு கொலை மர்மம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? கல்கி அதற்குத் திட்டவட்டமான ஒற்றை விடையைத் தரவில்லை. வாசகரை யோசிக்க விட்டுவிட்டார்.

இந்தக் கேள்வி நாவலோடு முடிவதில்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் உள்ள கோயிலில் முதலாம் இராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரைப் பெயர் சொல்லி, அவர்களும் அவர்களுடைய உறவினரும் வைத்திருந்த நிலங்களின்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கையைப் பற்றி அது பேசுகிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் ஆகியோர் அதில் குறிக்கப்படுகிறார்கள். கொலைக்கும் இந்த நடவடிக்கைக்கும் இடையே ஏன் பல ஆண்டுகள் கழிந்தன, இடையில் ஆண்ட உத்தம சோழனுக்கு இதில் பங்கு உண்டா என்று வரலாற்றாசிரியர்கள் வெவ்வேறு கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி ஒருவிதமாகவும் தி.வை. சதாசிவ பண்டாரத்தார் வேறுவிதமாகவும் முடிவு செய்தார்கள். நாவலில் மனம் பறிகொடுத்த வாசகர் பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தை எடுத்தால், அங்கே கிடைப்பது ஆயிரம் ஆண்டு பழைய குற்றம் ஒன்றின் உண்மையான விசாரணை. சாட்சிகள் கல்லில் இருக்கிறார்கள், துப்பறிபவர் வரலாற்றாசிரியர்.

அண்மைக் கால வழக்குகளும் இப்படியே. 1944-இல் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்த வழக்கில் திரை நடிகர்களான எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டனை பெற்றார்கள். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். அந்தக் கொலையின் முழு உண்மை இன்றும் வெளிவரவில்லை. ஜூரிகள் அமர்ந்து கேட்கும் கொலை வழக்கைச் சொல்லும் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாத’னைப் படித்துவிட்டு, பாகவதர், கலைவாணர் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளுக்குப் போனால், அன்றைய நீதிமன்றம் நடந்த முறை இரண்டு பக்கத்திலிருந்தும் விளங்கும்.

வாழ்க்கை வரலாறு என்னும் விசாரணை

ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்களில் மூன்று வகை உண்டு: தாமே எழுதிய தன்வரலாறு, மற்றவர் எழுதிய வரலாறு, அன்றன்று எழுதிய நாட்குறிப்பு. மூன்றும் தரும் உண்மை ஒரே மாதிரியானதல்ல.

நாட்குறிப்பு மிக நேரடியானது. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய குறிப்புகள் புதுச்சேரியின் வணிகம், போர், வதந்தி, சாதிச் சச்சரவு, வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் சுடச்சுடப் பதிவு செய்கின்றன. நாளை என்ன நடக்கும் என்று எழுதியவருக்குத் தெரியாது. அதனாலேயே அதில் ஒரு மர்ம நாவலின் விறுவிறுப்பு இருக்கிறது.

தன்வரலாறு முதுமையில் நின்று திரும்பிப் பார்ப்பது. ‘என் சரித்திர’த்தின் உயிர்நாடியான பகுதி ஒரு தேடலின் கதை. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோதுதான் சீவக சிந்தாமணி என்ற நூலின் பக்கம் உ.வே.சா.வின் கவனம் திரும்பியது. பிறகு ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். ஒரு பிரதியில் சிதைந்த சொல்லை இன்னொரு பிரதியில் கண்டுபிடித்தார். புரியாத குறிப்பை விளங்கிக்கொள்ளச் சமண அன்பர்களிடம் போய்க் கேட்டார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. தடயம், சாட்சி, ஒப்பீடு, முடிவு என்ற துப்பறியும் கதையின் எல்லா உறுப்புகளும் இந்த உண்மைக் கதையில் இருக்கின்றன. அவர் தம் ஆசிரியரைப் பற்றி எழுதி 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட ‘மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’ மற்றவர் வாழ்வைச் சொல்லும் வகைக்கு முன்மாதிரி. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், ஒரே குருகுலத்தை மாணவரின் சொந்தக் கதையாகவும் ஆசிரியரின் வரலாறாகவும் காணலாம்.

ஒரே மனிதரைப் பற்றிப் பலர் எழுதியிருந்தால் வாசகரின் வேலை இன்னும் சுவையானது. பாரதியைப் பற்றி மனைவி செல்லம்மா சொன்ன ‘பாரதியார் சரித்திரம்’ இருக்கிறது. புதுச்சேரியில் அவரோடு பழகிய வ.ரா. எழுதிய ‘மகாகவி பாரதியார்’ இருக்கிறது. மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள், சிறுமியாக அந்த வீட்டில் கண்டதை ‘பாரதி நினைவுகள்’ என்று எழுதினார். ரா.அ. பத்மநாபன் படங்களையும் ஆவணங்களையும் திரட்டி ‘சித்திர பாரதி’யை உருவாக்கினார். மனைவி பார்த்த வறுமை, நண்பர் பார்த்த வீரம், குழந்தை பார்த்த விளையாட்டு, ஆய்வாளர் பார்த்த தேதிகள் என்று நான்கும் சேரும்போதுதான் ஆள் முழுதாகத் தெரிகிறார். சொல்பவர் யார், எப்போது சொல்கிறார், எதைச் சொல்லாமல் விட்டார் என்ற மூன்று கேள்விகளை மர்ம நாவல் வாசகர் சாட்சிகளிடம் கேட்டுப் பழகியவர். அதே கேள்விகள் இங்கே அப்படியே பயன்படுகின்றன.

பெரிய மனிதர்களின் வெற்றிக் கதைகளோடு இந்த அலமாரி முடிந்துவிடுவதில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ அளவில் சிறியது, செய்தியில் பெரியது. ஒடுக்கப்பட்ட மக்களுக்காகச் சென்னையிலும் லண்டன் வட்டமேசை மாநாட்டிலும் பேசிய ஒருவரின் சொந்தச் சொற்கள் அதில் உள்ளன. திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ தொழிற்சங்கம் பிறந்த காலத்துச் சென்னையைக் காட்டுகிறது. சீனிவாசன் பிறந்த கோழியாளமும் திரு.வி.க. பிறந்த துள்ளமும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்கள். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது, கிராமத்துப் பேச்சு மொழியிலேயே ஒரு தலித் பெண் தன் வாழ்வைச் சொல்ல முடியும் என்று நிறுவியது. கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ அந்த வரிசையில் நிற்கும் மற்றொரு நூல்.

சொந்த மண்ணோடு சேர்ந்த நூல்கள்

வாசிப்பை விரிவாக்க மிக எளிய வழி, வசிக்கும் இடத்தோடு தொடர்புள்ள நூலில் தொடங்குவது. சிட்லபாக்கம் வாசகருக்கு ‘அக்னிச் சிறகுகள்’ அப்படிப்பட்டது. தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணியில் தாமதம் ஏற்பட்டபோது, பேராசிரியர் ஸ்ரீநிவாசன் மூன்று நாள் கெடு வைத்த கதை அதில் வருகிறது. தினமும் பார்த்துக் கடந்துபோகும் கல்லூரிக் கட்டடம் அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு வேறாகத் தெரியும்.

ஊர் ஏரியும் ஒரு நூலுக்கு அழைத்துப் போகும். சிட்லபாக்கம் ஏரியிலும், சற்றுத் தள்ளியுள்ள செம்பாக்கம் ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஆகியவற்றிலும் நீர்ப்பறவைகளைப் பார்ப்பவருக்கு மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள் நல்ல துணை. அவற்றை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன், இயற்கையைப் பற்றியும் தமிழ்த் திரைப்பட வரலாற்றைப் பற்றியும் ஒரே ஈடுபாட்டோடு எழுதிவருபவர். பயண நூல்களை விரும்புவோருக்கு ஏ.கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ உண்டு. காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் பல நாடுகள் சுற்றிய அவருடைய எழுத்து அலங்காரம் இல்லாதது, கூர்மையானது. தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ ஒரு நதியை முழுதாகப் பின்தொடர்கிறது.

குழந்தைகள் பெரும்பாலும் படக்கதையில் தொடங்குகிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி, ஒரு தலைமுறைத் தமிழ்ச் சிறுவர்களைப் படிக்க வைத்தது. அம்புலிமாமா, கோகுலம் ஆகியவற்றில் தொடங்கி வாண்டுமாமாவின் நூல்கள் வழியாக நாவலுக்குப் போனவர்கள் ஏராளம். கதையில் ருசி கண்ட பிள்ளையிடம் அந்தக் கதையோடு தொடர்புடைய உண்மை நூல் ஒன்றைக் கொடுப்பதே அடுத்த படி.

நூல் கிடைக்கும் வழிகள்

பல வகை நூல்களைப் படிக்க எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க முடியாது. அதற்காகவே நூலகம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைக் காத்தல், நூலகம் வளரும் உயிரி என்பவை அவை. மூன்றாவது விதி வகை வகையாகப் படிப்பவரின் பக்கம் நிற்கிறது. யாரும் எடுக்காத நூலையும் அதற்கான வாசகரோடு சேர்த்துவைப்பது நூலகத்தின் கடமை என்கிறது அது. அதனால்தான் வாசகர்களே அலமாரிகளுக்கு இடையே நடந்து நூலை எடுக்கும் திறந்த முறையை ரங்கநாதன் வற்புறுத்தினார்.

அவருடைய முயற்சியின் பயனாக வந்த 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். அதன்படி சொத்துவரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. சிட்லபாக்கம் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. அங்கே வீடு வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் சொத்துவரி ரசீதில் இந்த வரியையும் செலுத்துகிறார். ஆகவே பொது நூலகம் அரசு போடும் தருமம் அல்ல. மக்கள் தம் காசில் நடத்துவது. அதில் உறுப்பினராவதும், வேண்டிய நூலை வாங்கி வைக்கும்படி நூலகரிடம் கேட்பதும் வரி கட்டியவரின் உரிமை.

பெரிய நூலகங்களும் தென் சென்னைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-இல் திறக்கப்பட்டது. எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்கள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-இல் தொடங்கப்பட்டது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அதன் அடித்தளம். உயர்ந்த இலக்கியம் என்று கருதப்பட்டதை மட்டும் சேர்த்திருந்தால் பழைய துப்பறியும் நாவல்கள் பல இன்று ஆய்வாளர் கண்ணில்கூடப் படாமல் அழிந்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்த அவருடைய மனப்பான்மையே அவற்றைக் காத்தது.

வாடகை நூல்நிலையங்களும் சென்னையின் வாசிப்பை வளர்த்தவை. 1955-இல் தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி போன்றவை நாவலையும் இதழையும் வாழ்க்கை வரலாற்றையும் குறைந்த கட்டணத்துக்கு வீட்டுக்குத் தந்தன. புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சி ஒவ்வொரு பொங்கலையும் ஒட்டி எல்லாப் பதிப்பகங்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகிறது. பழைய நூல்களைக் கைப்பேசியிலேயே படிக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை எந்தப் பதிப்பகமும் வெளியிடலாம் என்பதால் கல்கி போன்றோரின் நூல்கள் மலிவு விலையிலும் கிடைக்கின்றன.

அலமாரி மாறிப் படிக்கும் முறை

வாசிப்பை அகலப்படுத்த விரும்புவோர் பழகிய வகையைக் கைவிடத் தேவையில்லை. நூலகத்துக்குப் போகும்போது பிடித்த வகையில் ஒன்றும், இதுவரை தொடாத வகையில் ஒன்றும் எடுத்துவருவது நல்ல வழக்கம். இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருந்தால் இன்னும் நல்லது: ஒரே காலம், ஒரே ஊர், ஒரே எழுத்தாளர், அல்லது ஒரே கேள்வி. புதிய வகையில் சிறிய நூலில் தொடங்குவது சோர்வைத் தவிர்க்கும். இரட்டைமலை சீனிவாசனின் நூலும் யதுகிரி அம்மாளின் நூலும் சில நாளில் முடித்துவிடக்கூடியவை. ‘என் சரித்திரம்’ போன்ற பெரிய நூலை, அது வெளிவந்த விதத்திலேயே, வாரந்தோறும் சிறிது சிறிதாகப் படிக்கலாம்.

நேரமும் அப்படித்தான் பிரித்துக்கொள்ள வேண்டியது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து புறநகர்வாசிகளுக்கு நாள்தோறும் படிக்கக் கிடைத்த நேரம் ரயில் பயணம். விறுவிறுப்பான மர்ம நாவலும் சிறுகதையும் அந்தச் சந்தடிக்கு ஏற்றவை; ஆண்டுகளையும் பெயர்களையும் நினைவில் வைக்கவேண்டிய வரலாறும் வாழ்க்கை வரலாறும் வீட்டில் அமைதியான வேளைக்கு ஏற்றவை. எல்லா நூலையும் ஒரே வேகத்தில் படிக்கவேண்டும் என்பதில்லை. பிடிக்காத நூலைப் பாதியில் மூடிவைப்பதும் குற்றமாகாது; அந்த வகையில் வேறு எழுத்தாளர் பிடிக்கக்கூடும்.

மர்ம நாவல் கூர்ந்து கவனிக்கக் கற்றுத்தருகிறது. வாழ்க்கை வரலாறு ஒரு மனிதரைத் தீர்ப்புச் சொல்லாமல் நெடுநேரம் உடனிருந்து புரிந்துகொள்ளக் கற்றுத்தருகிறது. வரலாறு சான்று கேட்கவும், பயண நூல் ஒப்பிட்டுப் பார்க்கவும், அறிவியல் கட்டுரை காரணம் தேடவும் பழக்குகின்றன. இவற்றில் ஒன்று மட்டுமே தெரிந்த வாசகரைவிட எல்லாவற்றிலும் கொஞ்சம் பழகியவர் ஒவ்வொரு நூலையும் முழுமையாக அனுபவிக்கிறார். நாளிதழ்ச் செய்தியானாலும் கைப்பேசியில் வரும் வதந்தியானாலும், யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று கேட்கும் பழக்கமும் அவரிடம் தானாக வந்துவிடுகிறது.